மசூதித் தெருவின் படகுக்காரர்

மண்டபம் ஸ்டேஷனைத் தாண்டியதும் ராமேஸ்வரம் ரயிலுக்குள் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். அதுவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர்கள்கூட எழுந்து ஜன்னலோரம் வருவார்கள். அம்மாக்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக் கடலைக் காட்டுவார்கள். எல்லாப் பக்கமும் செல்போன்கள் நீளும். சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்டவாளத்தின் இரு பக்கமும் தண்ணீர்தான்.

இப்போது ரயில் போவது 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில். கப்பல் வந்தால் இதன் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே ஏறும். இதற்கு முந்தைய பாலத்தைப் பல சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள். அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, கும்பிடுவதற்காகத் தூக்கிய கைகள் போல எழும்பும். அது திறக்கப்பட்டது 1914-ல்.

காசியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த யாத்ரிகர்கள் அன்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால், ராமேஸ்வரத்தில் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பாலம் நல்ல செய்தியாக இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பிப் பிழைத்த மரைக்காயர் குடும்பம் அது. நிலப்பகுதிக்கும் தீவுக்கும் இடையே மளிகைச் சாமான்களை ஏற்றி இறக்குவது, இலங்கைக்குச் சரக்கு கொண்டுபோவது, கரையிலிருந்து பாம்பனுக்கு யாத்ரிகர்களை அழைத்து வருவது, இவைதான் அவர்களின் வியாபாரம். மரக்கலம் என்ற சொல்லே அவர்கள் பட்டப்பெயருக்குள் இருப்பதாகச் சொல்வார்கள். ரயில் வந்துவிட்ட பிறகு படகுக்கு யார் காத்திருப்பார்கள்? 1920-களுக்குள் வியாபாரம் படுத்துவிட்டது. நிலபுலன்கள் கைவிட்டுப் போயின. மிஞ்சியது மசூதித் தெருவில் இருந்த பூர்விக வீடு.

அந்த வீட்டின் தலைவர் பெயர் ஜைனுலாப்தீன். அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கு உடனே பிடிபடாது. அவர் மகனின் பெயருக்கு முன்னால் வரும் மூன்று எழுத்துகளைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஆ.ப.ஜெ. என்று தமிழிலும், ஏ.பி.ஜெ. என்று ஆங்கில வழியிலும் எழுதுகிறோமே, அதில் உள்ள 'ஜெ'தான் இந்த ஜைனுலாப்தீன்.

ராமேஸ்வரம் போகிறவர்கள் அப்துல் கலாமைத் தேடிப் போகிறார்கள். அது நியாயம்தான். ஆனால், அதே தெருவில், அதே மணலில், இன்னொருவரையும் தேடிப் பார்க்கலாம். தீவை விட்டுப் போகாமலேயே 102 வருடம் வாழ்ந்த ஒரு சின்ன வியாபாரியை.

கோயிலிலிருந்து பத்து நிமிட நடை

ராமநாதசுவாமி கோயிலிலிருந்து மசூதித் தெருவுக்கு நடந்தே போகலாம். பத்து நிமிட நடை என்று கலாம் எழுதியிருக்கிறார். வழியெல்லாம் சங்கு, சோழி, பாசிமணி விற்கும் கடைகள். 22 தீர்த்தங்களில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு போகிறவர்களுக்கு நடுவே ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நுழையும். யாரைக் கேட்டாலும் 'கலாம் வீடா?' என்று வழி காட்டுவார்கள்.

வீடு இன்று பழைய வீடாக இல்லை. மாடி எழுப்பிக் கட்டி, கலாமின் புகைப்படங்கள், விருதுகள், புத்தகங்கள் என்று ஒரு காட்சிக்கூடமே அமைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாக ஏறி இறங்குகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாரத ரத்னா விருதுதான் கண்ணில் படும். பெரியவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியது இந்த வீட்டின் சுவர்களை. 19-ம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய கெட்டியான வீடு அது. ஓலைக் குடிசைகள் மிகுந்திருந்த காலத்து மீன்பிடித் தீவில் அப்படி ஒரு வீடு என்றால், கட்டியவர்களுக்குக் கை நிறையப் பணம் இருந்திருக்கிறது. ஜைனுலாப்தீன் காலத்தில் வீடு இருந்தது, அந்தப் பணம் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பெரிய வீடு. அந்தப் பெரிய வீட்டு வாசலுக்குப் பின்னால் எத்தனை வாய்க்குச் சோறு போட வேண்டும் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கணக்கும் சின்னது இல்லை. பிள்ளைகள், உறவினர்கள் என்று கூட்டுக் குடும்பம். போதாததற்கு வீட்டுக்காரம்மா ஆஷியம்மா தினமும் சாப்பாடு போட்ட வெளியாட்களின் எண்ணிக்கை, வீட்டு ஆட்களைவிட அதிகமாக இருக்கும் என்கிறார் மகன். வாழை இலையில் சோறு, சாம்பார், வீட்டு ஊறுகாய், தேங்காய்த் துவையல். ஆடம்பரம் எதற்கும் அந்த வீட்டில் இடம் கிடையாது. ஆனால் சாப்பாடு, மருந்து, துணிமணி என்று அவசியமானது எதற்கும் குறை வைத்ததில்லை ஜைனுலாப்தீன்.

குறை வைக்காமல் இருப்பதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைத் தெரிந்துகொள்ள, விடிகாலை நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

நாலு மைல் தள்ளி ஒரு தென்னந்தோப்பு

நான்கு மணிக்குத் தொழுகை. அது முடிந்ததும் நடை. வீட்டிலிருந்து சுமார் நாலு மைல் தள்ளி அவர்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருந்தது. அங்கே போய், பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார். அதற்குப் பிறகுதான் காலைச் சாப்பாடு.

நாலு மைல் என்றால் ஆறு கிலோமீட்டருக்கு மேல். போக வர 13 கிலோமீட்டர் வரும். திரும்பும்போது தோளில் சுமை வேறு. முழுத் தேங்காய் பன்னிரண்டு என்ன கனம் கனக்கும் என்பது சந்தையிலிருந்து நாலு தேங்காய் தூக்கி வந்தவர்களுக்கே தெரியும். இதை அவர் அறுபது வயதின் கடைசிகளிலும் விடவில்லை என்று கலாம் எழுதுகிறார்.

இன்று தங்கச்சிமடம் பக்கம் சாலையில் போனால் இருபுறமும் தென்னையும் பனையும் தெரியும். காலையில் அந்த வழியாக வாக்கிங் போகிறவர்களும் உண்டு, காதில் இயர்போனோடு. ஜைனுலாப்தீனின் நடைக்கு உடற்பயிற்சி என்று பெயரில்லை. வீட்டுக்குத் தேவையான தேங்காய் தோப்பில் இருந்தது, எடுத்து வருவதற்கு அவருக்கு இரண்டு கால்கள் இருந்தன. அவ்வளவுதான் கணக்கு.

பிற்காலத்தில் இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் போய் மாணவர்களிடம் 'கனவு காணுங்கள்' என்று சொன்ன கலாம், தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும் இடங்களில் கனவைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தத் தேங்காய் மூட்டையைத்தான் சொல்கிறார்.

அறுபது வயதுக்கு மேல் ஒரு படகு

கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15. அவருக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா ஒரு வேலையைத் தொடங்குகிறார். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரிகர்களை ஏற்றிச் செல்ல ஒரு மரப்படகு, பாய்மரம் கட்டிய படகு. கடற்கரையிலேயே கட்டுகிறார். கூடமாட உதவி செய்தவர் உறவுக்காரரான அகமது ஜலாலுதீன். பின்னாளில் கலாமின் அக்கா ஜோஹராவை மணந்தவர்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜைனுலாப்தீன் இறந்தது 1976-ல், 102 வயதில். அப்படியென்றால் பாம்பன் பாலம் திறந்தபோது அவருக்கு நாற்பது. கடைக்குட்டிப் பிள்ளைகளில் ஒருவரான கலாம் பிறந்தபோது 57. படகு கட்டக் கட்டையை எடுத்தபோது அறுபதைத் தாண்டியிருந்தது.

இன்று அந்த வயதில் பென்ஷன் பேப்பரைச் சரிபார்த்துக்கொண்டிருப்போம். ஒருமுறை வியாபாரம் நொடித்துப்போன குடும்பம். ஒரு பாலம் வந்து தொழிலைத் தின்றதைக் கண்ணால் பார்த்த மனிதர். வீட்டில் இன்னும் சிறு பிள்ளைகள். அவர் மறுபடியும் படகைத்தான் நம்புகிறார்! பிடிவாதம் என்று சொல்லலாம், விவரம் என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் சரி என்று தோன்றுகிறது. ரயில் போகும் இடத்தில் ரயிலோடு போட்டி போட முடியாது. ஆனால், தீவின் கோயிலுக்கு வருகிறவர்கள் அத்தோடு நிற்பதில்லை. காசியாத்திரையின் கணக்கே அப்படி. கங்கைத் தண்ணீர் ராமேஸ்வரத்துக்கு வர வேண்டும், சேதுவின் மணல் பிரயாகைக்குப் போக வேண்டும். வடக்கே பிரயாகையிலிருந்து வருகிறவர் தனுஷ்கோடியில் குளித்து மணல் எடுக்காமல் ஊர் திரும்ப மாட்டார். அந்த ஆட்களைக் கடல் வழியே கொண்டுபோய்விட ஒரு படகு வேண்டும். ஜைனுலாப்தீன் அதைப் பார்த்திருக்கிறார்.

படகு கட்டும் இடத்தை விட்டு நகராமல் நின்றான் ஆறு வயதுப் பையன். மரத்தை விறகுத் தீயின் சூட்டில் பதப்படுத்தியதும், கூட்டுக்கு உள்ளே தடுப்புப் பலகைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்ததும் அவனுக்குக் கடைசி வரை ஞாபகம் இருந்தது. ராக்கெட்டின் உடற்பகுதியைப் பற்றி வாழ்நாள் முழுவதும் யோசித்த ஒருவர் முதன்முதலில் பார்த்த கட்டுமானம் அப்பாவின் படகுதான்.  அந்தக் கரையில் நிற்கும்போது இது தோன்றாமல் இருக்காது.

படகு ஓடத் தொடங்கியது. தொழிலும் நன்றாகவே நடந்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் பையனும் ஏறிக்கொள்வான். ராமர் எப்படிப் பாலம் கட்டினார், வானரங்கள் எப்படிக் கல் சுமந்தன என்று யாத்ரிகர்கள் பேசுவதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டு வருவான். பள்ளிவாசல் இமாமின் படகில், இமாமின் பிள்ளைக்கு இலவசமாக ராமாயணம் கிடைத்தது. ஆம், ஜைனுலாப்தீன் படகுக்காரர் மட்டுமில்லை. உள்ளூர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவரும் அவர்தான்.

பெண் கடல், ஆண் கடல்

அந்தப் படகு போன திசையில் இப்போது தார்ச்சாலை போகிறது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி முனைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். 2017 வரை கடைசிப் பகுதிக்கு ஜீப்பிலும் வேனிலும் மணலில் குலுங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது அரிச்சல்முனை வரை வழுவழுவென்று சாலை. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் காலையிலேயே கிளம்புவது நல்லது. தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம், நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடைக்காது.

சாலையின் ஒரு பக்கம் அலை அதிகமில்லாமல் கிடக்கும் கடல். உள்ளூர்க்காரர்கள் அதைப் பெண் கடல் என்பார்கள். மறு பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் கலக்கும் முனையில் நின்றால், கண்ணுக்குத் தெரியாத தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

முனைக்கு முன்னாலேயே இடிந்த ஊர் வந்துவிடும். கூரையில்லாத தேவாலயம், ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் மிச்சம், ஸ்டேஷன் சுவர்கள். சென்னை எழும்பூரில் ஏறியவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறி இலங்கை போன காலம் ஒன்று இருந்தது. போட் மெயில் என்று அந்த ரயிலுக்கே பெயர். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு எல்லாம் முடிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு, அலை சுருட்டிக்கொண்டு போனது. ஊர் அழிந்தது. பாம்பன் பாலமும் சிதைந்தது. இ.ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர் பாலத்தை 46 நாளில் சரிசெய்து நிறுத்தினார். தனுஷ்கோடியை யாரும் திரும்ப நிறுத்தவில்லை.

ஜைனுலாப்தீனின் படகையும் புயல்தான் கொண்டுபோனது. 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் அதைச் சொல்கிறார். மணிக்கு நூறு மைலுக்கு மேல் வீசிய காற்று படகை அடித்துச் சென்றதாம், சேதுக்கரையின் நிலத்தில் ஒரு பகுதியையும் சேர்த்து. கூடவே பாம்பன் பாலம் பயணிகள் ரயிலோடு விழுந்ததையும் சொல்கிறார். அதுவரை கடலின் அழகை மட்டும் பார்த்திருந்த தனக்கு அன்றுதான் அதன் வெறி தெரிந்தது என்கிறார். இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் இடறும். சிறு பையனின் அனுபவமாக அவர் சொல்லும் இந்த விவரங்களில் பாதி, 1964-ம் வருடப் புயலுக்கு உரியவை. 1964-ல் கலாமுக்கு 33 வயது. பையனாகப் பார்த்த புயலும், பெரியவனான பிறகு வந்த பெரும்புயலும் அவர் நினைவில் ஒன்றாகிவிட்டன போலும். கடலோரத்து வீடுகளில் இது நடப்பதுதான். எந்தப் புயலில் படகு போனது, எந்தப் புயலில் கூரை போனது என்று கேட்டால், தேதி மாறி மாறி வரும். போனது மட்டும் மாறாது.

மனிதனின் பாலம் ஒருமுறை தொழிலைப் பறித்தது, கடல் இன்னொரு முறை பறித்தது. அதற்காக அப்பா வீட்டில் புலம்பியதாக மகனின் எழுத்தில் எங்கேயும் இல்லை. காலையில் தொழுகைக்கு எழுந்தார், நடந்தார், தேங்காயோடு வந்தார்.

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள்

தனுஷ்கோடியிலிருந்து ஊருக்குத் திரும்பினால் ராமதீர்த்தம் பார்க்கலாம். கலாம் வீட்டுக்குப் பக்கத்துக் குளம். வருடாவருடம் சீதாராம கல்யாண உற்சவத்தின்போது, மூர்த்திகளைக் குளத்தின் நடுவே கொண்டுபோகச் சிறப்பு மேடை கட்டிய படகுகளை ஏற்பாடு செய்தது ஜைனுலாப்தீனின் குடும்பம். ராமேஸ்வரத்தில் இதை அப்போது யாரும் மதநல்லிணக்கம் என்ற பெரிய வார்த்தையால் அழைத்திருக்க மாட்டார்கள். சாமிக்குப் படகு வேண்டும், படகு மரைக்காயர் வீட்டில் இருக்கிறது.

கோயிலின் தலைமை அர்ச்சகர் பக்ஷி லக்ஷ்மண சாஸ்திரிகள் அவருக்கு நெருங்கிய சிநேகிதர். தீவின் தேவாலயப் பாதிரியாரும் இவர்களோடு சேர்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூவரும் உட்கார்ந்து ஊர் விஷயங்களைப் பேசுவார்கள். பிரச்னை எதுவும் முற்றுவதற்கு முன்பே பேசித் தீர்த்துவிடுவார்கள். அந்தந்த உடுப்பில் இருவர் உட்கார்ந்து ஆன்மிகம் பேசிக்கொண்டிருந்த காட்சிதான் தன் முதல் ஞாபகங்களில் ஒன்று என்று கலாம் சொல்வார்.

தொழுகை முடிந்து ஜைனுலாப்தீன் வெளியே வரும்போது பல மதத்து ஆட்களும் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருப்பார்கள். விரல் நுனியை அதில் நனைத்து ஓதிக் கொடுப்பார். நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்க எடுத்துப் போவார்கள். குணமானால் நன்றி சொல்ல வீடு தேடி வருவார்கள். அவரோ சிரித்துவிட்டு, ஆண்டவனுக்கு நன்றி சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவார். அதற்குக் காசு வாங்கியிருந்தால் படகைவிட லாபமாக இருந்திருக்கும்!

காசு விஷயத்தில் அவர் எப்படி என்பதற்கு வீட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் அவர் ராமேஸ்வரம் பஞ்சாயத்து போர்டின் தலைவரானார். ஒரு நாள் அவர் இல்லாத நேரத்தில் யாரோ வந்து அவருக்கென்று ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்கள். படித்துக்கொண்டிருந்த கலாம், சரி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். உள்ளே நல்ல துணி, பழங்கள், இனிப்பு. அப்பா வந்து பார்த்ததும் அடி விழுந்தது. அப்பாவிடம் வாங்கிய முதல் அடி. பிறகு அவரே பையனை அணைத்து, பரிசுக்குப் பின்னால் ஒரு நோக்கம் ஒளிந்திருக்கும் என்று புரியவைத்தார். குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போன பிறகும் கலாம் மேடைகளில் இந்த அடியை மறக்காமல் சொன்னார்.

ஒரு அணா, ஒரு வளையல்

அந்தக் குடும்பத்தில் எல்லோருமே ஏதாவது ஒன்றை விற்றார்கள். அண்ணன் ஒருவருக்கு ரயில்வே ஸ்டேஷன் சாலையில் மளிகைக் கடை. விடுமுறையில் கலாம் வந்தால் கடையை அவர் தலையில் கட்டிவிட்டு அண்ணன் மணிக்கணக்கில் காணாமல் போய்விடுவார். எண்ணெய், வெங்காயம், அரிசி எல்லாம் எடைபோட்டார் கலாம். ஆனால், வேகமாகப் போனது பீடியும் சிகரெட்டும்தானாம். இன்னொரு சகோதரருக்குச் சிப்பிப் பொருட்கள் விற்கும் சின்னக் கடை.

எட்டு வயதிலேயே தொடங்கிய பழக்கம் இது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் எதனாலோ புளியங்கொட்டைக்குக் கிராக்கி ஏற்பட்டது. பொறுக்கிக்கொண்டுபோய் மசூதித் தெருக் கடையில் கொடுத்தால் ஒரு நாளைக்கு ஒரு அணா கிடைத்தது. ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போன நாள்களில், ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து, உறவினர் சம்சுதீனுக்காக வீடு வீடாகப் போட்டதும் அந்த வயதில்தான்.

படகு போய்விட்ட வீட்டில் பிள்ளை சம்பாதித்தால் நல்லதுதானே என்று எந்தத் தகப்பனும் நினைக்கலாம். ஜைனுலாப்தீனுக்கு அந்த யோசனை வரவில்லை. மகன் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போக அனுமதி கேட்டபோது, கூடில்லாமல் தனியே பறக்கும் கடற்பறவையைக் காட்டி, போய் வா என்றார். ராமநாதபுரம் இங்கிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். இருந்தாலும் தீவுக்காரர்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாமே வெளியூர். அம்மா தயங்கினார். அவருக்கும் அப்பாதான் சமாதானம் சொன்னார்.

சென்னை எம்.ஐ.டி-யில் இடம் கிடைத்தபோது சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவ்வளவு பணம் அப்பாவிடம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கலாமின் கதையில் எல்லோரும் அக்காவின் வளையலைப் பற்றித்தான் பேசுவார்கள். எண்பது வயதை ஒட்டிய அப்பா அன்றைக்கு என்ன நினைத்திருப்பார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் நிலமும் படகுகளும் வைத்திருந்த குடும்பத்தின் தலைவர், மகள் கழற்றிக் கொடுத்த நகையில் மகன் படிக்கப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

மருந்துச் செலவு

ஊரை விட்டுக் கிளம்பும் வழியில் பேக்கரும்பு. 2015 ஜூலை 30-ம் தேதி கலாமை அடக்கம் செய்த இடத்தில், 2017-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. ராக்கெட், ஏவுகணை மாதிரிகளுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கும் கூட்டம் எப்போதும் குறைவதில்லை. டெல்லியில் நாட்டின் முதல் குடிமகனாக இருந்தவர், அப்பா விட்டுப் போகாத தீவின் மணலுக்கே வந்து சேர்ந்திருக்கிறார். அவருடைய மூத்த அண்ணனும் இந்தத் தீவில்தான் 2021-ல் தன் 104-வது வயதில் காலமானார். அப்பாவின் ஆயுள் அந்த வீட்டில் ஒருவருக்காவது கிடைத்தது.

ஜைனுலாப்தீன் தன் கடைசி வருடங்களில் உடம்பு முடியாமல் இருந்தார். மகன் அப்போது திருவனந்தபுரத்தில் ராக்கெட் வேலையில் இருந்தார். அப்பாவுக்கு முடியவில்லை என்று செய்தி வரும்போதெல்லாம், நகரத்திலிருந்து நல்ல டாக்டர் ஒருவரைக் கையோடு அழைத்துக்கொண்டு ராமேஸ்வரம் வருவார். அப்பாவுக்குக் கோபம் வரும். நீ வந்து நின்றாலே எனக்குச் சரியாகிவிடுமே, டாக்டருக்கு எதற்கு வீண் ஃபீஸ் என்று திட்டுவார்.

ஒவ்வொரு முறையும் திட்டுவார். ஒவ்வொரு முறையும் மகன் டாக்டரோடுதான் வருவார்.

1976-ல் எந்த டாக்டராலும் ஆகாத நாள் வந்தது. அப்போது அவருக்குப் பதினைந்து பேரப்பிள்ளைகளும் ஒரு கொள்ளுப்பேரனும் இருந்தார்கள்.